இரண்டாவது அணிக்கு ஓர் இடம்

தொண்ணூறுகளில், நாங்கள் வந்து குடியேறிய குளிர்தேச நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில் ஓர் ஐஸ் ஹொக்கிக் கழகம் நடத்தினோம். ஐஸும் கிடையாது, சறுக்குச் சப்பாத்தும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பார்க்கிங் லொட்டில் ரெனிஸ் பந்தை மட்டையால் அடிப்போம். நான் கோல் காப்பவன். வீட்டுப் படியிறங்கினால் நான் நிற்கும் கோல். வேலை, பஸ், தூக்கம் என்று போன வாரத்தில் எனக்கு உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

அதைக் கெடுத்தவர் எங்கள் தலைவர். நகரத்தின் பெரிய ஹொக்கிக் கழகம், சரியாக ஆடாதவர்களை இறக்கிவிடுகிற தன் இரண்டாவது அணியைத் தொலைவில் ஒரு தீவில் வைத்திருக்கிறது என்று வேலையிடத்தில் கேட்டுவிட்டு வந்தார். எங்களுக்கும் ஒன்று வேண்டுமாம்.

"ஏன் அண்ணை தூரத்தில?" என்றேன்.

"பக்கத்தில வச்சால் இறக்கினவனுக்கு ரோசம் வராது."

"ஆரை இறக்கப் போறியள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன கிழமை என் காலிடுக்கால் ஒரு பந்து போனது உண்மை. தலைவரின் மச்சானுக்குக் கோல் காக்க ஆசை இருந்ததும் உண்மை.

இடம், நகரத்தின் மறுகோடிக்கும் அப்பால், பிறம்ரன் என்று முடிவாயிற்று. அங்கே ஓர் அங்கிள் வீட்டில் கார் நிறுத்தும் இடம் அகலம். அன்ரி மட்டன் ரோல் பொரிப்பார். அறிவுகெட்ட கூட்டம், ரோலுக்காகவே கை தூக்கியது.

"என்னட்டைக் கார் இல்லை."

"அதுதான் ரோசம் வரும் எண்டுறன்."

அடுத்த ஞாயிறு, இரண்டாவது அணியாக நான் ஒருவனே, கால்கவசத்தைக் கட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். கால் முறிந்தவன் என்று நினைத்து ஒரு கிழவர் எழும்பி இடம் விட்டார். பஸ் மாறி மாறிப் பிறம்ரன் போய்ச் சேர்ந்தால், அன்ரி போனும் கையுமாக வாசலில் நிற்கிறார்.

போனில் தலைவர். "மச்சானுக்கு ஓவர்டைம். கோலில ஒருத்தரும் இல்லை. உன்னை முதல் அணிக்கு மேல ஏத்தியாச்சு, உடன வா!"

"எங்கை?"

"உன்ர வீட்டுக்குப் பின்னால."

ஒரு ரோலைப் பறித்துக்கொண்டு திரும்பினேன். வந்து சேர ஆட்டம் முடிந்திருந்தது. கோலில் நின்ற தலைவரின் நெற்றியில் ஒரு வீக்கம். அன்று எங்களோடு ஆடிய பக்கத்துக் கட்டடத்து அணி எங்களைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.

அன்றைய கழகக் கூட்டத்தில் கத்தினேன். தலைவர் வீக்கத்தைத் தடவியபடி யோசித்தார்.

"இவன் சொல்லுறது ஞாயம். பிறம்ரன் பிழை. அணியை மிசிசாகாவுக்கு மாத்துவம். அங்கை ஏர்போர்ட் கிட்ட, கூப்பிட்டால் கெதியா வரலாம்."

"அதுவும் அதே தூரம். மல்வேர்னுக்குப் பிளேன் வருமே, விசரா?" என்று கேட்டேன். ஒருவரும் காதில் போடவில்லை. மறுபடியும் கை தூக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் போய்க் கோலில் நின்றேன்.

"நீ மிசிசாகாவிலயெல்லோ நிக்க வேணும்?" என்றார் தலைவர். மச்சான் பின்னால் கையுறையோடு நின்றான்.

"போனில மேல ஏத்தினனீங்கள். இன்னும் இறக்கேல்லை. கூட்டத்தில அணியைத்தான் மாத்தினீங்கள்."

தலைவருக்குச் சட்டம் முக்கியம். "அப்ப இறக்கிறதுக்கு ஒரு கூட்டம் வைக்க வேணும்," என்றார்.

கூட்டத்தை எங்கே வைப்பது என்று பனி விழும்வரை சண்டை பிடித்தார்கள். அதுவரை நான்தான் கோல் காத்தேன்.