வெள்ளிக்கிழமை போன லோரி

எங்கள் வீட்டில் அந்த லோரியைப் பற்றிப் பேசிப் பேசி எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலம் விட்ட லோரி அது. அம்மாவின் வளையல்களை விற்று அப்பா அதை எடுத்தார். எங்கள் ஊரான காஜா பெராங்கில், வீட்டுப் பக்கத்து ரம்புத்தான் மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு வரவில்லை, இழுத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் அது ஓர் அடிகூட நகரவில்லை. நாட்டுக்கே சுதந்திரம் கிடைத்தது, மெர்டேக்கா மெர்டேக்கா என்று தெருவெல்லாம் கத்தினார்கள். எங்கள் லோரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் சீட்டில் கோழிகள் முட்டையிட்டன.

அப்பா அதன் அடியிலேயே குடியிருந்தார் என்றால் பொய்யில்லை. நாலு நாள் கூலி வேலைக்குப் போவார். கிடைத்ததை ஏதாவது சாமானாக மாற்றிக் கொண்டுவந்து அதற்குள் திணிப்பார். "இந்த கியர்பாக்ஸ் மட்டும் மாட்டிட்டா போதும் லா, அப்புறம் சொந்தத் தொழில்தான்," என்பார். முந்தின வருடம் இதையேதான் ரேடியேட்டருக்குச் சொன்னார். அம்மா பதில் சொல்வதை எப்போதோ விட்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரோடு போடும் இலாகாவில் அப்பாவுக்கு டிரைவர் வேலை வந்தது. மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். "அத வித்துட்டு வேலைக்குப் போங்க," என்றாள் அம்மா. அப்பாவும் தலையாட்டினார்.

உஜோங் பாசிரிலிருந்து பலகை வியாபாரம் செய்யும் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், பார்க்க வந்தார். லோரி அவருக்குப் பிடித்துவிட்டது. அப்பாவோ அதன் குறைகளை அடுக்க ஆரம்பித்தார். பிரேக் பிடிக்காது, ஸ்டேரிங் இடது பக்கம் இழுக்கும், அடிச்சட்டமெல்லாம் துரு என்று கேட்காததையெல்லாம் சொன்னார். தவுக்கே தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். மறுபடியும் வந்தார், மறுபடியும் அதே பாட்டு. அப்பாவின் நேர்மை எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில்கூடப் பீற்றிக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கமாட்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிடி உப்பு கேட்டால்கூட, "நாளைக்கு வா லா. இன்னிக்கு வாசல் தாண்டுனது திரும்பி வராது," என்று அனுப்பிவிடுவாள். உடைந்த சிலேட்டுக் குச்சியைத் தோழிக்குக் கொடுத்ததற்கு நான் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அப்பாவுக்கும் அம்மா அளவுக்குப் பயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா ஏதோ ஸ்பிரிங் வாங்க புக்கிட் பாருவுக்குப் போயிருந்தார். தவுக்கே இன்னொரு லோரியும் சங்கிலியுமாக வந்து நின்றார். அம்மாதான் சொல்லியனுப்பியிருந்தாள்.

"போலே ஜாலான்?" என்றார். ஓட முடியுமா என்று கேட்கிறார்.

"ரிப்பேர் பண்ணா போலே. அம்பில் லா, தவுக்கே," என்று எடுத்துப் போகச்சொல்லிக் கையைக் காட்டினாள் அம்மா. அவ்வளவுதான் வியாபாரம்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா!"

"தள்ளி நில்லு."

கோழிகள் கத்திக்கொண்டு வெளியே குதித்தன. லோரி முனகிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனது. நான் அழுதேன், லோரிக்காக இல்லை, அம்மா செய்த பாவத்துக்காக.

சாயங்காலம் அப்பா கையில் ஸ்பிரிங்கோடு வந்தார். மரத்தடியில் புல் வெளுத்துக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடு ரெண்டுபடும் என்று நினைத்தேன்.

"எப்போ எடுத்துட்டுப் போனான்?"

"இன்னிக்குத்தான்."

"வெள்ளிக்கிழமையா குடுத்த?"

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். "ஆமா."

"அம்மா கிழமைய மறந்துட்டாங்கப்பா," என்று நான் குறுக்கே விழுந்தேன், அம்மாவைக் காப்பாற்ற. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா ஸ்பிரிங்கைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தார். கையில் இருந்த கிரீஸ் போக நெடுநேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

பிறகு பல வருடம், வெள்ளிக்கிழமைகளில் அம்மா எதையாவது தர மறுக்கும்போதெல்லாம், "லோரிக்கு மட்டும் மறந்துட்டீங்களே," என்று கேலி செய்வேன். "ஆமா லா, மறந்துட்டேன்," என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். வேறெந்தக் கிழமையில் கொடுத்திருந்தாலும் அப்பா மறுநாளே உஜோங் பாசிருக்குப் போய் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்திருப்பார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.