கப்பித்தேன் சாப்பிட்டானா?

மீன் தொட்டி கழுவப் போகிறவன் எவனாக இருந்தாலும் ஒரு நாளாவது அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பான். அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வாய்க்கு வரும் முன் குழாயைச் சட்டென்று வாளிக்குள் இறக்கிவிட வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், "பாய், காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். மரியாதைக்குத் தலையைத் திருப்புவேன். அவ்வளவுதான், காபி வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும்.

எங்கள் அத்தா புதுச்சேரிக் கடைத்தெருவில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர். எழுபதுகளில் நான் அதே கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, ஓரங்களில் புட்டிப் பசை அடைத்து, மீன் தொட்டி செய்ய ஆரம்பித்தேன். தொட்டி ஒழுகினால் போய்ப் பார்க்க வேண்டும். போன இடத்தில், வந்ததுதான் வந்தீங்க, தண்ணியையும் மாத்திட்டுப் போங்க என்பார்கள். அதுவே பிழைப்பாகிவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் மீனை என் பொறுப்பில் விட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போனபோது அவர் நாய்க்கோ கிளிக்கோ தீனி வைத்தவர்கள் உங்களில் இருந்தால் நாமெல்லாம் ஒரே கட்சி. வருஷம் முழுக்கக் கல் மாதிரி இருந்த அந்த நாய் நம் பொறுப்புக்கு வந்த மறுநாள்தான் தும்ம ஆரம்பிக்கும்.

குறையவும் கூடாது, கூடவும் கூடாது

உழவர்கரையில் ஒரு மளிகைக் கடை முதலாளி வீட்டில் கறுப்பு மோலி மீன் வளர்த்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீன்களை எண்ணுவார். கிளம்பும்போது மறுபடி எண்ணுவார். மீன்கள் என்ன மூட்டையா, வைத்த இடத்தில் இருக்க? கணக்கு தவறித் தவறிப் போகும். அதுவரை நான் வாளியோடு வாசலில் நிற்க வேண்டும். வாளிக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கடையில் வேலை செய்கிறவர்களையும் அவர் இப்படித்தான் மடியை உதறிக் காட்டச் சொல்வார் என்று கேள்விப்பட்ட பிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது.

ஒரு நாள் கணக்கு கூடிவிட்டது. நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு மோலி குட்டி போட்டிருக்கிறது. மோலி முட்டையிடாது, குட்டிதான் போடும் என்று எவ்வளவோ சொன்னேன். அரிசியில் கல் கலந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பொருள் கொறையவும் கூடாது, அடுத்தவன் பொருள் எங்கிட்ட சேரவும் கூடாது. உன் மீன எடுத்துக்கிட்டுக் கெளம்பு பாய்."

கடித்தால் வேலை நிச்சயம்

ஜோசபின் மதாம் வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. பெரிய தொட்டி, ஒரே மீன். மதாமின் கணவர் அந்துவான் முசியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெட்ராஸில் ஒரு ஆஸ்கர் மீன் குஞ்சை வாங்கி, தண்ணீர்ப் பையோடு மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாராம். அது கை அகலத்துக்கு வளர்ந்தது. கறுப்பு உடம்பில் நெருப்புப் பற்றியதுபோல் ஆரஞ்சுக் கோடுகள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அப்படி ஒரு மீனைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். பட்டாளத்தில் கப்பித்தேன் என்றால் பெரிய அதிகாரி. முசியே கடைசிவரை அந்தப் பதவிக்குப் போகவில்லை, பெயரை மீனுக்கு வைத்துவிட்டார்.

முசியே காலமான பிறகு மதாமுக்கு அந்த மீன்தான் துணை. காலையில் பூப்போட்ட ரோப்பை, அதாவது வீட்டில் போட்டுக்கொள்ளும் நீளமான கவுனை, மாட்டிக்கொண்டு தொட்டி எதிரே முசியேயின் நாற்காலியில் உட்காருவார். ஒரு கையில் காபிக் கிண்ணம். பிரெஞ்சில் ஏதோ பேசிக்கொண்டே மறு கையால் உரித்த இறாலை ஊட்டுவார். பிரான்சில் இருந்த மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. சில மாதம் போய் இருந்தாக வேண்டும். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தொட்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையை உள்ளே விடச் சொன்னார். விட்டேன். கப்பித்தேன் என் விரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். நான் விரலை உதறிக்கொண்டிருக்க, மதாம் முகம் மலர்ந்து, சுவரில் இருந்த முசியே படத்தைக் காட்டிச் சொன்னார்: "இவரையும் மொத நாள் இப்படித்தான் கடிச்சான். புடிக்காதவங்களத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். நீ வேலைக்கு வா ஷெரீப்."

ஒரு குடம் கடல்

புறப்படும் நாளில் மதாம் வீட்டுச் சாவியை அஞ்சலையிடம் கொடுத்தார். அஞ்சலை வைத்திக்குப்பத்திலிருந்து வந்து அந்த வீட்டில் சமையலும் மற்ற வேலையும் செய்கிறவள். முசியே இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிறாள். கப்பித்தேனுக்கு இறாலும் அவள் கொண்டு வருவதுதான், அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். டாக்ஸியில் ஏறிய மதாம் மறுபடி இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் திரும்பி வர்றப்ப அவன் இல்லேன்னா, இந்த வீட்ல எனக்குன்னு யாருமில்ல ஷெரீப்" என்றார். தலையை ஆட்டினேன்.

டாக்ஸி போனதோடு கப்பித்தேனின் சாப்பாடும் போயிற்று. தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். இறாலைப் போட்டால் அது மூக்குக்கு எதிரே இறங்கி, மணலில் கிடந்து, நாறும். மண்புழு கொடுத்தேன், ஈரல் கொடுத்தேன். உழவர்கரை முதலாளி என் தலையில் கட்டிய மோலிக் குட்டிகளைக்கூட மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டேன். அவை அவன் முதுகைச் சுற்றி விளையாடிவிட்டு உயிரோடு என் வாளிக்குத் திரும்பின.

ஒரு காலையில் நான் போனபோது அஞ்சலை ஒரு குடத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. வைத்திக்குப்பத்திலிருந்து இடுப்பில் கடல் தண்ணீர் சுமந்து வந்திருக்கிறாள். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே, இது ஆற்று மீன், கடலைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை என்று சத்தம் போட்டேன். அவள் அந்தக் காலிக் குடத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். திட்டினது அவளுக்கு உறைக்கவில்லை, நான் சொன்னதைத்தான் நம்ப முடியவில்லை. "ஊரு ஞாபகம் வந்து படுத்துக்கினு கெடக்குதுன்னு நெனச்சேன். மீனுக்குக் கடல வுட்டா வேற ஊரு ஏது பாய்?"

அஞ்சலை உட்கார மாட்டாள்

உப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை. பட்டினிதான் செய்துகொண்டிருந்தது. முதுகு மெலிந்து, ஆரஞ்சு நிறம் வெளுத்து வந்தது. ராத்திரி கண்ணை மூடினால் மதாம் பிடித்த கை நினைவுக்கு வரும். ஒரு நாள் இறாலோடு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். கப்பித்தேன் மெதுவாகக் கண்ணை உருட்டினான், என்னைப் பார்த்தான், வாலைத் திருப்பிக் காட்டிவிட்டான். ஆனால் அதற்கு முன் ஒரு நொடி அவன் தலையைத் தூக்கியதை நான் பார்த்துவிட்டேன். யாரோ நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது அவனுக்குத் தெரிகிறது. வந்த ஆள்தான் சரியில்லை.

அஞ்சலை அந்த வீட்டில் எப்போதும் தரையில்தான் உட்காருவாள். தொட்டியோ உயரமான மேசையில் இருக்கிறது. இத்தனை காலத்தில் கப்பித்தேன் அவளுடைய கொண்டையைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டான். நீ மதாமுடைய ரோப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார் என்றேன். பாம்பை மிதித்ததுபோல் பின்னால் போனாள். யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. பிறகு, நானே ரோப்பைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "யாருக்கும் தெரியாதுன்றதாலதான் பாய் ஒக்கார மாட்டேன்றேன். சாவி எங்கிட்ட இருக்குதுன்னா நாக்காலி என்னுதாயிடுமா?"

போன்ழூர்

மீன் நாளுக்கு நாள் இளைத்ததை அஞ்சலையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு காலையில் கதவைத் திறந்தவள் தலைக்குக் குளித்து, புதுப் பூ வைத்திருந்தாள். காபிக் கிண்ணம் மேசையில் தயாராக இருந்தது. என்னை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். சேலை மேலேயே ரோப்பை மாட்டிக்கொண்டாள். நாற்காலியை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன் விளிம்பில், யாராவது எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல் உட்கார்ந்தாள். மதாம் காலைதோறும் சொல்வதைச் சமையல் கட்டிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரே ஒரு வரி மனப்பாடம். "போன்ழூர் மொன் கப்பித்தேன், சவா?" என்றாள். வணக்கம் என் கப்பித்தேனே, நல்லா இருக்கியா என்று கேட்கிறாள்.

கப்பித்தேன் கண்ணை உருட்டினான். ஒருக்களித்துக் கிடந்த உடம்பு நிமிர்ந்தது. தள்ளாடிக்கொண்டே மேலே வந்து ரோப்பைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான், அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். ஆள் மாறாட்டம் அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் அவள் விரலிலிருந்து இறாலை வாங்கிக்கொண்டான், கடிக்காமல். அஞ்சலை ரோப்பில் கண்ணைத் துடைக்கப் போய், அது மதாமுடையது என்று ஞாபகம் வந்து, முந்தானையைத் தேடி இழுத்தாள். "மதாம் கேட்டா சாப்ட்டான்னு மட்டும் சொல்லு பாய். எப்படி சாப்ட்டான்னு சொல்லிடாத."

டாக்ஸி

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. அஞ்சலை நாற்காலியின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, ஒரு நாள் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டாள். பிரெஞ்சு ஒரு வரியில் தீர்ந்துவிடும். அப்புறம் வைத்திக்குப்பத்துச் செய்தி. யார் வலை அறுந்தது, எந்தப் படகு வெறும் படகாக வந்தது, மாமியார் என்ன சொன்னாள் எல்லாவற்றையும் அவனிடம் சொல்வாள். அவன் கண்ணாடியோடு ஒட்டி நின்று கேட்பான். உடம்பில் பழைய நெருப்பு நிறம் திரும்பிவிட்டது.

அப்படி ஒரு காலையில் நான் தண்ணீர் மாற்றக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வாசலில் டாக்ஸி வந்து நின்றது. சொன்னதற்கு முன்னாலேயே மதாம் வந்துவிட்டார். கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் பெட்டியோடு நிலைப்படியில் நிற்கிறார். நான் ஒரு வாய் தொட்டித் தண்ணீரை அப்படியே விழுங்கினேன். அஞ்சலை தொட்டிக் கண்ணாடியில் மதாமின் உருவத்தைப் பார்த்துவிட்டாள். ரோப்பு, நாற்காலி, காபிக் கிண்ணம், எல்லாம் கையும் களவுமாக. முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை காலம் இந்த வீட்டில் கட்டிக் காத்த பெயர் இந்த நிமிஷத்தோடு போயிற்று என்று அவள் நினைத்தது எனக்கு அப்படியே தெரிந்தது. எழப் பார்த்தாள். கப்பித்தேன் அவள் விரலில் இருந்த இறாலைப் பாதி கவ்வியிருந்தான். மதாம் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "எழுந்திரிக்காத அஞ்சலை. அவன் சாப்ட்டு முடிக்கட்டும்."

கப்பித்தேனின் கோபம்

மறுநாள் காலை மதாம் தன் ரோப்பில் தன் நாற்காலியில் உட்கார்ந்து போன்ழூர் சொன்னார். கப்பித்தேன் வாலைத் திருப்பினான். மறுபடி கூப்பிட்டார். தொட்டியின் மூலைக்குப் போய் நின்றுகொண்டான். இறால் பிடித்த கை வலிக்கிறவரை மதாம் நீட்டிக்கொண்டே இருந்தார். சமையல் கட்டு வாசலில் அஞ்சலையும் வாளியோடு நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். மீனைக் காப்பாற்றிவிட்டு மதாமைத் தனியாக விட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து மதாம் எழுந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து பக்கத்தில் போட்டார். அஞ்சலையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து, தன் ஒரு வரியைச் சொன்னாள். கப்பித்தேன் வந்தான். இருவருக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு மதாமின் கையிலிருந்து இறாலை, விரலோடு சேர்த்து, கடித்து வாங்கினான். மதாம் விரலைத் துடைக்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தார். "என்னை மறக்கல, கோவம். இவர் பட்டாளத்துலேர்ந்து வந்து எறங்கின அன்னிக்கு நானும் இப்படித்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னேன்."

அந்த இரண்டாவது நாற்காலி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த முறை பிரான்சிலிருந்து வந்த பார்சலில் பேரன் படத்தோடு ஒரு புது ரோப்பும் இருந்தது, அஞ்சலை அளவுக்கு. அடுத்தவர் வீட்டு மீனைப் பார்த்துக்கொண்ட இந்தப் பிழைப்பில் நான் விழுங்கிய தொட்டித் தண்ணீருக்குக் கணக்கே இல்லை என்றாலும், இன்றைக்கும் நாக்கில் ருசி நிற்பது அந்த டாக்ஸி வந்து நின்ற காலையில் விழுங்கிய ஒரு வாய் மட்டும்தான்.