ஒற்றைக் கொம்பு எருமை

விருத்தாம்பாள் பாலில் தண்ணீர் கலந்ததில்லை. கலக்க நினைத்தாலும் முடியாது. அவள் பாலைத் தூக்குச் சட்டியில் கொண்டுபோய் ஊற்றுகிறவள் இல்லை. எருமையையே ஓட்டிக்கொண்டு போகிறவள். சிங்கவரம் போகிற சாலையில் இருந்த அவள் ஊரிலிருந்து விடியும்போதே கிளம்பி, செஞ்சியில் வாடிக்கை வீடுகளின் வாசலில் எருமையை நிறுத்தி, வீட்டுக்காரர் கண் முன்னால் கறந்து கொடுப்பாள்.

எருமைக்கு ஒரு கொம்புதான். கிடாரியாக இருந்தபோது கோட்டை அகழியில் மேயப் போய்ச் சறுக்கி விழுந்து, இடது கொம்பு அடியோடு போய்விட்டது. அதனால் அதை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

முதல் வாடிக்கை ஆர்.ஐ. கோதண்டராமன் வீடு. வருவாய் அதிகாரியல்லவா, மனிதருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. முக்காலி போட்டு எருமையின் மடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். "பாத்திரத்த கவுத்துக் காட்டு" என்பார். அவள் கவிழ்த்துக் காட்டுவாள். அதற்கு அப்புறந்தான் கறக்க விடுவார். வருஷக் கணக்காக இது தினமும் நடந்தது. எருமை கூட அந்த நேரத்துக்கு அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கும்.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் புயல் அடித்தது. ஏரிக்கரைப் புளியமரம் வேரோடு சாய்ந்து, அடியில் ஒதுங்கி நின்ற எருமையின் மேல் விழுந்தது. விருத்தாம்பாள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. அவள் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். எருமைக்காகவும் அழுதாள், நாளைக் கஞ்சிக்காகவும் அழுதாள்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். செத்த மாட்டுக்குச் சர்க்கார் நிவாரணம் தருகிறது. அதிகாரி வந்து கண்ணால் பார்க்கிறவரை யாரும் புதைக்கக் கூடாது. அந்தப் பணம் வந்தால் இன்னொரு எருமை வாங்கலாம், வராவிட்டால் அவளும் புருஷனோடு கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான். ஆகவே அவள் புதைக்கவில்லை.

அதிகாரி வரவில்லை. எருமை ஊதியது, பிறகு வெடித்தது. ஈ மொய்த்தது, புழு வைத்தது. ஊரெல்லாம் நாற்றம். ஏரித்தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவள் கையில் தடியோடு நாய்களை விரட்டிக்கொண்டு, தான் வளர்த்த உயிர் அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அந்த வாடைதான் வந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நிவாரண ஆபீசுக்குக் கேட்கப் போனாள். பஜாரில் ஒரு பழைய மணிலாக் கடலை மண்டியில் அதைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். "வருவாங்க, போ" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தால், அதிகாரி வந்துவிட்டுப் போயிருந்தார். வந்தவர் வேறு யாருமில்லை, கோதண்டராமன்தான். ஜீப்பை விட்டு இறங்காமல், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஊர் முன்சீப் இளையபெருமாள் கைகாட்டிய இடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாராம். முன்சீப் தன் எருமை என்று காட்டியது விருத்தாம்பாளின் எருமையை. அவர் வீட்டு எருமைகளோ ஒரு சிராய்ப்பு இல்லாமல் கொட்டகையில் அசை போட்டுக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் சொன்னது அவள் புருஷன் பாண்டுரங்கன். அவன் அப்போது அங்கேயேதான் நின்றிருந்தான்.

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? அவுரு நெலத்துலதான கூலிக்குப் போறேன்."

"நம்ம எருமைன்னு ஒரு வார்த்த வாயில வர்ல?"

"கைகட்டி நின்னுக்கினு இருந்தேன். அதுக்குள்ள ஜீப்பு போயிடுச்சு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று ராத்திரி சோற்றை அவன் முன்னால் வைத்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

செஞ்சியில் ஜெயபால் என்று ஒரு வக்கீல் இருந்தார். ஜைனர், ஏழைகளிடம் காசு வாங்காமல் மனு எழுதித் தருவார் என்று பெயர். அவர் முழுதும் கேட்டார்.

"சாட்சி யாராவது சொல்லுவாங்களா?"

"முன்சீப்ப பகைச்சிக்கினு யார் சாமி வருவாங்க?"

"அப்ப அந்த ஒத்தக் கொம்புதாம்மா சாட்சி. ஒடம்பப் பொதைச்சிடு. தலைய மட்டும் பொதைக்காத." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தார். அந்த மாதிரி வார்த்தை அவர் வாயில் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் மனு போடறேன், விசாரணைக்கு நேரா மண்டிக்குக் கொண்டா. இங்க மட்டும் கொண்டாந்துடாதம்மா, எங்க வீட்ல தாங்க மாட்டாங்க."

தலையை வெட்டிக் கொடுத்தது பாண்டுரங்கன். வெட்டி முடிப்பதற்குள் பலமுறை வாந்தி எடுத்தான். அவள் அதைச் சாக்கில் போட்டுக் கட்டிப் பனைமரத்தில் தொங்கவிட்டாள்.

விசாரணை நாளில் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மண்டி வாசலில் அவள் நுழையும்போதே ஆபீஸ் ஆட்கள் எழுந்து விலகினார்கள். உள்ளே பெரிய அதிகாரி ஒருவர், பக்கத்தில் கோதண்டராமன், எதிரே நாற்காலியில் முன்சீப். ஜெயபால் காற்று வருகிற பக்கமாக ஒதுங்கி நின்று மனுவைப் படித்தார்.

கோதண்டராமன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "செத்தது இந்தம்மா மாடுதான்னு இன்னா நிச்சயம்? எரும எல்லாம் ஒரே கருப்பு. அடையாளம் எனக்குத் தெரியாது."

விருத்தாம்பாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மடிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்த ஆள். இதே எருமையின் பாலில் காப்பி குடித்துக் குடித்துத் தொப்பை வைத்த ஆள். அவள் சாக்கின் வாயை அவிழ்த்துக் கவிழ்த்தாள்.

தலை உருண்டு அவர் செருப்புக்கிட்டே போய் நின்றது.

"தெனம் உங்க வாசல்ல நின்னுச்சே ஐயா. நல்லாப் பாருங்க."

பாதித் தோல் உரிந்து, கண் இருந்த இடத்தில் புழு நெளிந்தது. கொம்பு ஒன்றுதான். முன்சீப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். கோதண்டராமன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பெரிய அதிகாரி வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தம்மாவுக்கும் எழுதிக் குடுத்து அனுப்பித் தொலைங்க" என்றார்.

"அப்ப முன்சீப்புக்கு எழுதினது?" என்று கேட்டார் ஜெயபால்.

"அது ஆன காரியம். ஒமக்கு வேண்டியது கெடைச்சுதில்ல? மொதல்ல இத வெளிய எடுக்கச் சொல்லும்."

யாரும் அவள் சொன்னது உண்மை என்று சொல்லவில்லை. நாற்றம் போனால் போதும் என்றுதான் கொடுத்தார்கள். சர்க்கார் கணக்கில் ஒரே எருமை இரண்டு முறை செத்தது. ஊருக்குத் திரும்பும்போது முன்சீப் வழியில் மறித்து, சிரித்துக்கொண்டே, "ஒனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு. யாருக்கு இன்னா நஷ்டம் சொல்லு?" என்றார். அவள் பக்கத்திலிருந்த வரப்பில் காறித் துப்பிவிட்டு நடந்தாள். தலையை ஏரிக்கரையில் உடம்போடு சேர்த்துப் புதைத்தாள்.

அந்தப் பணத்தில் அனந்தபுரத்திலிருந்து ஓர் எருமை வாங்கினாள். இரண்டு கொம்பும் உள்ள நல்ல எருமை. ஒரு நாள் கோதண்டராமன் வீட்டிலிருந்து பால் கேட்டு ஆள் வந்தது. அவள் தூக்கோடு போனாள்.

"மாடு எங்க?" என்றார்.

"புது எரும ஐயா. டவுனுக்குள்ள வர மெரளுது. வூட்லயே கறந்து எடுத்தாந்தேன்."

"அதனால இன்னா. ஒன்ன எனக்குத் தெரியாதா?" என்று உள்ளே போனார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லவில்லை.

மறுநாள் வழியில் ஏரியில் இறங்கி, அவர் பங்குப் பாலில் ஓர் ஆழாக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் வாசலிலேயே காப்பி குடித்துவிட்டு, "எப்பவும் போல திக்கா இருக்குதும்மா" என்றார். சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தாள். வரவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்தது, அதற்கும் இந்தப் பால்தான் போகும்.

நாலைந்து நாள் தண்ணீர் ஊற்றும்போது கை நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. ஒரு நாள் ஏரியில் குனிந்து தண்ணீர் மொள்ளும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது. அழுகின தலையைச் சுமந்து நடந்த அன்றைக்குக்கூட அவள் தன் கையை முகர்ந்து பார்த்ததில்லை. இப்போது, நாறுகிறதா என்று முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆழாக்கைப் பாலில் கவிழ்த்தாள்.