எழுபதைத் தாண்டாத இரண்டு நெஞ்சுகள்

வீரணன் போய்விட்டார் என்ற சேதி திருநகரில் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது காலை எட்டு மணி இருக்கும். அவருடைய மகன் கருப்பையா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிலேயே நின்றான். கேதம் சொல்ல வருகிறவர்கள் உள்ளே வரமாட்டார்கள், தண்ணீர் கேட்கமாட்டார்கள், அவர்களை நாமும் உட்காரச் சொல்லமாட்டோம். அவன் நின்ற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னது நான் எதிர்பார்த்த சேதி மட்டும் அல்ல.

"அப்பாவுக்கு முடிஞ்சு போச்சு மாமா. விடியக்காலம், தூக்கத்துலயே. டாக்டரும் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குது. ரேடியோவ நெஞ்சுல வச்சா அடிக்குதாம். யாரையும் கிட்ட விட மாட்டேங்குது. நீங்க வந்து சொன்னாத்தான் கேக்கும்."

உயிருக்குயிரான நண்பர் இறந்த சேதியைக் கேட்ட அந்த நிமிடத்தில் என் நெஞ்சு எழுபது முறை அடித்தது. அதற்கு முந்தின நிமிடமும் எழுபதுதான், காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது. கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன், நெஞ்சு மட்டும் ஆபீசு குமாஸ்தாபோல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் கோபமே வந்தது.

வீரணனை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கும் அவருக்கும் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், சட்டைப்பையில் வைக்கும் பழைய கடிகாரம் அளவுக்கு ஒரு பெட்டி வைக்கப்பட்டிருந்தது. பேஸ்மேக்கர் என்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகும். இதயம் தானாக அடிக்க மறந்துபோன எங்களைப் போன்றவர்களுக்கு, நிமிடத்துக்கு எழுபது முறை அது உள்ளேயிருந்து தட்டிக் கொடுக்கும். ஓடினாலும் எழுபது, உட்கார்ந்தாலும் எழுபது.

நான் தந்தி ஆபீசில் இருந்தவன். முப்பது வருஷம் கட்டு கட, கட்டு கட என்று சாவியைத் தட்டி ஊராரின் சாவையும் கல்யாணத்தையும் அனுப்பியவன். ஒரு நாள் ஒரு தந்தியின் நடுவில் சாவிமேலேயே கவிழ்ந்துவிட்டேன். கண் விழித்தபோது பக்கத்து மேசைக்காரர் மிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். வீரணன் கீழக்குயில்குடியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது விழுந்தார். "வரப்புல நடந்துக்கிட்டே இருக்கேன், ஒலகம் பூராம் வெள்ளைவெளேர்னு ஆயிருச்சு. மறுபடி பாத்தா சேத்துக்குள்ள கெடக்கேன், வாயில நாத்து" என்பார். மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வாரத்தில், அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம்.

அந்த வார்டு இப்போது நினைத்தாலும் தண்ணீருக்கடியில் பார்த்ததுபோல்தான் வருகிறது. மத்தியான வெயில் பச்சைத் திரைக்குள் வடிந்து இறங்கும். மருந்து மயக்கத்தில் பாதி விழிப்பும் பாதி தூக்கமுமாகக் கிடப்போம். அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும்: "தந்தியண்ணே, இருக்கீகளா?" இருக்கிறேன் என்பேன். "நானும் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு இருவரும் மறுபடி மூழ்கிப்போவோம். எனக்குத் தெரிந்து அதைவிடச் சுருக்கமான தந்தியை நான் அனுப்பியதும் இல்லை, வாங்கியதும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை வைத்து, நெஞ்சில் பெட்டி இருக்கும் இடத்தருகே பிடித்தால், அது தட்டும் ஒவ்வொரு தட்டும் டிக், டிக் என்று கேட்கும். தினமும் ஒரு நிமிடம் எண்ண வேண்டும், குறைந்தால் உடனே வர வேண்டும். வீரணனின் மனைவி பேச்சியம்மாளுக்கு டாக்டர் பேச்சு பிடிபடவில்லை. ரேடியோவும் கையுமாக என் கட்டிலருகே வந்து, "என்னண்ணே சொல்றாரு?" என்று கேட்டார். தட்டுவதைக் கேட்பதில் என்னைவிடத் தேர்ந்தவன் யார் என்ற மிதப்பில் நானே சொல்லிக்கொடுத்தேன். "இந்த டிக்கு கேக்குற வரைக்கும் பயமே இல்லம்மா" என்றேன். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனேன், பேச்சியம்மாள் மறக்கவில்லை.

ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் அந்த அம்மாள் எண்ணியிருக்கிறார். எழுத்துப் படிக்காதவர், கடிகாரத்தின் நொடிமுள் ஒரு சுற்று வருவதற்குள் எழுபது வரைக்கும் தவறாமல் எண்ணுவார். அந்த ரேடியோவில் பாட்டு வைக்க யாருக்கும் அனுமதியில்லை. பேரப்பிள்ளைகள் ஒருமுறை கடல் தாண்டி வரும் பாட்டுக்காக முள்ளைத் திருப்பிவிட்டு முதுகில் வாங்கிக்கட்டிக்கொண்டதாக வீரணன் சொல்லிச் சிரித்திருக்கிறார். "எம் பொஞ்சாதி சாமி கும்பிடுறத விட்டாலும் விடுவா, என்னைய எண்ணுறத விடமாட்டா."

தனக்குள் இருப்பதை அவர் மோட்டார் என்றுதான் சொல்வார். "பம்புசெட்டுக்குக் கூட கரண்டு போயிருது, எனக்குப் போறதில்ல." ஒருமுறை கண்மாய்த் தண்ணீர் முறைக்காகப் பங்காளியோடு பெரிய சண்டை. நான் போயிருந்த நாள் அது. தாண்டிக் குதித்துவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர், தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்து முகம் சுருங்கிப்போனார். "கோவப்பட்டு என்னண்ணே பிரயோசனம்? நெஞ்சு கூட வரமாட்டேங்குதே. கோவம் வந்தாலும் எழுவது, கொஞ்சினாலும் எழுவது." மறுநாள் அந்தப் பங்காளிக்கே மடையைத் திறந்துவிட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்விடுவேன். தாமரைக்குளத்தைச் சுற்றிக்கொண்டு, ஐயனார் கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, மெல்ல மெல்லச் சமணர் மலையில் ஏறுவோம். எங்களுக்கு அவசரம் ஆகாது. மேலே பாறையில் செதுக்கிய படுக்கைகளில் ஆளுக்கொன்றாகப் படுத்துவிடுவோம். என்றோ யாரோ துறவிகள் உலகத்தை விட்டுவிட்டுப் படுத்த கல். அதில் உலகத்தை விட மனமில்லாத இரண்டு பேர். கல் குளிர்ந்திருக்கும், காற்று இழுக்கும், கீழே வயல்கள் வெயிலில் மிதக்கும்.

ஒரு நாள் அவர் ரேடியோவைக் கொண்டுவந்திருந்தார். ஒரே படுக்கையில் நெருங்கிப் படுத்து, எங்கள் இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் வைத்தோம். இரண்டு தட்டும் கேட்டன. முதலில் முன்னும் பின்னுமாக, நுகத்தில் பழகாத மாடுகளைப் போல. கேட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி ஒரு நேரத்தில் ஒரே தட்டாகிவிட்டன. பத்துப் பதினைந்து தட்டு அப்படியே போனது. யாருடையது எது என்று தெரியவில்லை. பிறகு மெல்லப் பிரிந்தன. மறுபடி சேர்ந்தன. அந்தத் தட்டில் ஏதாவது எழுத்து வருகிறதா என்று முப்பது வருஷப் பழக்கத்தில் தேடிக்கொண்டே நான் கண் அயர்ந்துவிட்டேன். கனவில் அந்த மலையே தட்டிக்கொண்டிருந்தது.

விழித்தபோது அவர் மேலே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் போனா இந்த மோட்டார எடுத்துரச் சொல்லுங்க. தீயில போட்டா வெடிச்சிருமாம்ல. அதோட, ஒழைக்கிற மோட்டார எதுக்கு எரிக்கணும்? எவனாச்சும் வரப்புல விழுந்து கெடப்பான், அவனுக்கு வைக்கட்டும்." சரி என்றேன். "சரின்னா பத்தாது. பேச்சி காதுலயும் போட்டுட்டேன். ஆனா அவ அழுதா எல்லாம் மறந்துருவா. நீங்கதான் வரணும்."

அதற்குத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தேன். கருப்பையாவின் சைக்கிளை என் வீட்டிலேயே போட்டுவிட்டு ஆட்டோவில் போனோம். மலை எதிரே வந்து, விலகி, மறுபடி எதிரே வந்தது. வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். அதை என் கையாலேயே எப்படிப் பிடுங்குவது?

வீட்டு முன்னால் சனம் கூடியிருந்தது, சத்தமில்லை. கொட்டுக்காரர்கள் கொட்டைத் தொடாமல் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். உள்ளே வீரணன் பாயில் கிடந்தார். மலைமேல் அயர்ந்து கிடப்பாரே, அதே முகம். பேச்சியம்மாள் அவர் நெஞ்சில் ரேடியோவை வைத்து, குனிந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். எழுபது வந்ததும் நிமிர்ந்தார்.

"வாங்கண்ணே. நீங்களே கேளுங்க. ஒண்ணு கூடக் கொறையல. இவுக எல்லாரும் அதுக்குள்ள நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டணுங்கிறாக. டிக்கு கேக்குற வரைக்கும் பயமில்லன்னு நீங்கதானே சொன்னீக?"

கேட்டேன். டிக், டிக் என்று சுத்தமாக வந்துகொண்டிருந்தது. எனக்கே ஒரு கணம் ஆசை வந்துவிட்டது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"நான்தான் சொன்னேன் தாயி. பாதிதான் சொன்னேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேடியோவை வாங்கி என் நெஞ்சில் வைத்தேன். இடதுகை மணிக்கட்டை அவரிடம் நீட்டினேன். "பிடிச்சுப் பாரு. ரேடியோ அடிக்கிறப்ப கையும் அடிக்குதா?"

"அடிக்குது."

"ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

ரேடியோவை எடுத்து மறுபடி வீரணன் நெஞ்சில் வைத்தேன். அவர் கையை எடுத்துப் பேச்சியம்மாளின் விரலுக்கடியில் கொடுத்தேன். டிக், டிக், டிக். அந்த அம்மாள் காத்திருந்தார். விரலை மாற்றி வைத்துப் பார்த்தார். மறுபடி காத்திருந்தார்.

"பெட்டி தட்டிக்கிட்டேதாம்மா இருக்கும். அதுக்குத் தட்ட மட்டுந்தான் தெரியும். ஆள் போயிட்டாருன்னு அதுக்குத் தெரியாது. நானும் எத்தனையோ தரம் தட்டியிருக்கேன், அந்தப் பக்கம் மேசையில ஆள் இருக்க மாட்டாக. என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கும். பதில் வராது."

வீரணன் கையை விடாமலே பேச்சியம்மாள் மற்றொரு கையால் ரேடியோவின் திருகைத் திருப்பி அணைத்தார்.

"விடியக்காலத்துல இருந்து தட்டிக்கிட்டே கெடந்திருக்கு, பாவம்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வெளியே கொட்டுச் சத்தம் எழுந்தது.

பெட்டியை எடுத்துவிடச் சொல்லி வீரணன் கேட்டிருந்ததைச் சொன்னேன். உறவில் மூத்த ஒருவர், அறுத்த உடம்பைக் காட்டுக்குக் கொண்டுபோவது முறையில்லை என்று தடுத்தார். அழுதுகொண்டே பேச்சியம்மாள் தலைநிமிர்ந்தார். "வைக்கிறப்பவும் அறுத்துத்தானே வச்சாக? அப்ப எங்க போச்சு முறை? அவரு குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு." மூத்தவர் ஒதுங்கி வழிவிட்டார். காலையில் வந்துபோன டாக்டரையே அழைத்துவந்தோம். சின்னக் கீறல்தான். தையல் போட்ட இடத்தில் திருநீறு பூசினார்கள். பெட்டி ஒரு சில்வர் டப்பாவுக்குள் பஞ்சோடு என் கைக்கு வந்தது. மறுநாள் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு, இன்னும் பல வருஷம் உழைக்கும் என்றார்கள். வாங்க வழியில்லாமல் காத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கொஞ்ச நாளில் வைத்துவிட்டார்களாம். மேலூர்ப் பக்கத்து ஆள் என்று மட்டும் சொன்னார்கள். நான் பெயர் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, உறவுகள் கலைந்து, வீட்டு மனிதர்கள் மட்டும் இருந்த நேரம். மத்தியான வெயிலில் மலை வெளுத்துக் கிடந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தவனைப் பேச்சியம்மாள் தடுத்தார்.

"ஒரு நிமிசம் கையக் குடுங்கண்ணே."

நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைய ஆரம்பித்தது. மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். எழுபது எண்ணி முடித்ததும் கண் திறக்காமலே சொன்னார்: "அதே நடைதாண்ணே."

வீரணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்கிறார்கள். அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ரேடியோ அந்த வீட்டில் பாட்டுப் பாடுகிறது. எனக்கு மிஞ்சியது இந்த எழுபதுதான். அவர் இறந்த அன்று என்னோடு சேர்ந்து துடிக்கவில்லையே என்று அதன்மேல் கோபப்பட்டேன். இப்போது அது கூடாமல் குறையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போகிறேன். மலை ஏறுவதில்லை. பேச்சியம்மாள் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிவிடுகிறேன். எழுபது எண்ணி முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார். அவராக விடும்வரை நான் எழுந்திருப்பதில்லை.