மாடு இடப்பக்கம் இழுத்த கதை

முணுமுணு என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். யோசிக்கும்போது உதடு தானாக அசையும். பல்கலைக்கழக ரோபோ மன்றத்தில் சேர அவள் போன வருடமே கேட்டுப் பார்த்தாள், வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த வருடம், "ஒரு மாசம் வா, போட்டிக்கான வெள்ளோட்டம் முடியட்டும், அப்புறம் சொல்றோம்" என்றார்கள். வீட்டில் போய், சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டாள். அம்மா காதில் போட்டால் ஊர் காதில் போட்ட மாதிரி. மேல் மாடிக்காரர்களிலிருந்து அப்பா ஓட்டுகிற பேருந்தின் நடத்துநர் வரைக்கும் மறுநாளே சேதி போய்விட்டது. இனி வேண்டாமென்று அனுப்பினால் தலைகுனிவு அவளுக்கு மட்டுமில்லை. முந்திரிக்கொட்டை என்று இவளைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார்கள்.

மன்றம் இருந்தது நூலகத்துக்கு அடியில், சன்னலே இல்லாத ஓர் அறையில். எப்போதும் உருகிய ஈயத்தின் வாடை. நடுவில் மாடு நிற்கும். முழங்கால் உயர ரோபோ, பக்கத்துக்கு ஒரு சக்கரம், முன்னால் பெட்டி தூக்க ஒரு கை. சொன்ன பேச்சு கேட்காததால் அந்தப் பெயர். நேராகப் போ என்றால் இடப்பக்கம் இழுக்கும்.

அதை மேய்க்க மூன்று பேர். இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கும் தலைவி, நிரல் எழுதும் கண்ணாடி, ரிமோட்டைப் பிடிக்கும் பைலட். தலைவிக்கு ஒரே சட்டம்தான்.

"சொல்லாம யாரும் எதையும் மாத்தக்கூடாது. புதுசா வந்தவங்க கூட்டணும், தொடைக்கணும். திருப்புளியத் தொட்டா வெளிய."

முணுமுணு கூட்டினாள், துடைத்தாள். வெள்ளோட்டத்தன்று காலையிலும் துடைத்தாள். அப்போதுதான் இடது சக்கரத்தின் அச்சில் ஏதோ கறுப்பாகச் சுற்றியிருப்பது கண்ணில் பட்டது. முடி. இறுகிக் கயிறாகவே ஆகியிருந்தது. இடுக்கியால் பொறுமையாகப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். அதுவரை முக்கி முனகிக்கொண்டிருந்த சக்கரம் தட்டினால் சுற்றியது. துடைக்கிற வேலையில் இது சேர்த்தி என்று நினைத்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளோட்டம் அறைக்கு வெளியே நடைக்கூடத்தில். மறுகோடியில் மன்றத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை அவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். பைலட் ரிமோட்டை அழுத்தினான். மாடு கிளம்பிய வேகத்தில் வலப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டியது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் வலப்பக்கச் சுவர்தான். பெட்டி உருண்டு வந்து பேராசிரியரின் காலடியில் விழ, அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"யாரு கை வச்சது?" என்றாள் தலைவி.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். பார்த்தவர்கள் யாருமில்லை. அம்மாவின் முகம் முணுமுணுவின் கண் முன்னால் வந்து போனது.

"நான்தான்க்கா. லெஃப்ட் சக்கரத்துல முடி சுத்தியிருந்துச்சு, எடுத்துட்டேன்."

அறைக்குள் ஓடிக் கூடையிலிருந்து எடுத்து வந்தும் காட்டினாள். முழ நீள முடி. எல்லோருடைய கண்ணும் தலைவியின் பின்னலுக்குப் போய்விட்டு, மரியாதையாகத் திரும்பி வந்தது.

"முடிய எடுத்தா நேரால்ல போகணும்? ஏன் அந்தப் பக்கம் இழுக்குது?" என்றார் பேராசிரியர்.

கண்ணாடி தொண்டையைக் கனைத்தான். "சார்... அது லெஃப்ட்ல இழுக்குதேன்னு, ரைட் மோட்டார் வேகத்த நிரல்ல கொஞ்சம் கொறச்சு வச்சிருந்தேன்."

"எப்போ? எங்கிட்ட சொல்லவேயில்ல!" என்று பாய்ந்த தலைவி, பாதியிலேயே அடங்கினாள். "நானும் லெஃப்ட் சக்கரத்துல ரப்பர் சுத்தி, கொஞ்சம் பெருசாக்கியிருந்தேன்."

ஆக, சட்டம் போட்டவளே சட்டத்தை மீறியிருந்தாள். ஒரு முடிக்கு ஆளுக்கொரு ரகசிய வைத்தியம். பேராசிரியர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

ரப்பரை உரித்தார்கள், நிரலைத் திருத்தினார்கள். பைலட் மறுபடி ஓட்டினான். மாடு மறுபடியும் வலப்பக்கம் சாய்ந்தது.

"இப்ப என்னடா?" என்றாள் தலைவி.

பைலட் தன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு வருசமா ரைட்டுக்குத் தள்ளித் தள்ளியே ஓட்டிட்டேன். நேரா வைக்கணும்னு நெனச்சாலும் விரல் அங்கதான் போகுது. ரப்பரக் கழட்டலாம், விரல என்ன பண்றது?"

ரிமோட்டை முணுமுணுவிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு. உன் கை இன்னும் கெடல."

அவள் உதடு அசைந்தது; கட்டைவிரல் இம்மியும் விலகாமல் முன்னால் தள்ளியது. மாடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்ப் பேராசிரியர் முன்னால் வைத்தது.

"போட்டிக்கு இவளே ஓட்டட்டும்," என்றாள் தலைவி.

முணுமுணுவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. பைலட்டின் பக்கம் மட்டும் திரும்பத் தைரியம் வரவில்லை. வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, என்னைச் சேத்துக்கிட்டாங்க!"

"எதுல?"

"ரோபோ மன்றத்துலம்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடிக்க, அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அப்போ இந்த ஒரு மாசமா அங்க என்னதான்டி பண்ணிட்டிருந்தே?"

"கூட்டிட்டிருந்தேம்மா."