தொட்டுக் கும்பிட்ட படம்

சாமி படத்தைப் பழிப்பதாக ஆகிவிடுமோ என்று பயந்தே இதைச் சில வருடங்களாக எழுதாமல் இருந்தேன். அண்ணாமலையார் மன்னிக்கட்டும்.

தீபத்துக்கு முந்தின வாரம், தரிசனச் சீட்டு என்று அண்ணாமலையார் படத்தோடு என் போனுக்கு ஒரு ஃபைல் வந்தது. திறந்தேன். உடனே போன் தானாகவே எல்லாருக்கும் அதை என் பெயரில் அனுப்பத் தொடங்கியது. தேரடி வீதியில் போன் ரிப்பேர் பார்ப்பவரிடம் ஓடினேன்.

ஒல்லியான மனிதர், நெற்றி நிறைய விபூதி. என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே சிம்மைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வைரஸுங்கம்மா. பேங்க்லேர்ந்து வர்ற ஓடிபிய எல்லாம் திருடிக்கும். ஆண்ட்ராய்டுல இது ஜாஸ்தி."

"அப்போ ஐபோன்னா வராதாங்க?"

"இது அதுல ஏறாது. அதுக்குன்னு வேற ஒண்ணு வரும். அத விடுங்க, உங்கள ரொம்ப நம்புறவங்க யாரு? அவங்களுக்கு மொதல்ல சொல்லுங்க" என்று தன் பட்டன் போனை நீட்டினார்.

அடி அண்ணாமலையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நீ அனுப்புன சாமி படந்தானேடி? இப்பத்தான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். என்னென்னவோ கேட்டுச்சு. நீ அனுப்புனதாச்சேனு எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டேன்."

"போனை அணைச்சு எடுத்தாரச் சொல்லுங்க" என்றார் அவர். அக்கா ஆட்டோவில் வந்து சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளை, இருவர் பணமும் போகவில்லை.

அவர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. அழிப்பதற்கு முன் திரையிலிருந்த சாமியைக் கைகூப்பிக் கும்பிட்டார். தொடவில்லை. இன்று எந்தப் படம் வந்தாலும் அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

படித்தவர்கள் இதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வாயால் சொல்லுங்கள், ஃபைலாக அனுப்பாதீர்கள்.