இரண்டாம் முறை பாடிய ஒப்பாரி

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான்.

என் கணவர் ஆர்மஸ் இசையமைப்பாளர். பின்லாந்தில் ஊர் ஊராக அலைந்து நாட்டுப்பாடல்களைக் குறித்துக்கொண்டு வந்து, அவற்றிலிருந்து பெரிய வாத்திய இசை எழுதுவார். அப்படி அவர் அலைந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் மகள் இம்பி காய்ச்சலில் போனாள். அவர் திரும்புவதற்குள் மண் மூடியாகிவிட்டது.

அடுத்த பனிக்காலம் என்னையும் கிழக்கு எல்லைப் பக்கம், கரேலியாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒக்சேனியா என்ற ஒப்பாரிக்காரி இருந்தாள். செத்தவர்களுக்கு நம் பேச்சு கேட்காது, ஒப்பாரி மட்டும்தான் கேட்கும் என்பார்கள் அந்தப் பக்கம். அவருக்கு மெட்டு வேண்டும். எனக்கு இம்பி வேண்டும்.

ஒக்சேனியா இம்பிக்காகப் பாடினாள். ஒப்பாரியில் பெயர் சொல்லக் கூடாது. "என் மடியில் பழுத்த சின்னப் பழமே" என்றுதான் அழைத்தாள்.

முடித்ததும் ஆர்மஸ் வழக்கம்போலக் கேட்டார். "இன்னொரு தடவை பாடுங்கம்மா. நடுவுல ரெண்டு அடி விட்டுப்போச்சு."

"பேனாக்காரரே, இதென்ன கல்யாணப் பாட்டா? பொழுது சாஞ்சாச்சு. ஒரு தடவை கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க. ரெண்டாந்தடவை கூப்பிட்டா எழுந்தே வந்துடுவாங்க. அப்புறம் யாரு கொண்டுபோய் விடுவா? நீங்களா?"

நான்தான் அவள் கையைப் பிடித்தேன். "பாடுங்கக்கா."

பாடினாள்.

வெளியே, பனியில்... சரக்... சரக்...

சின்ன நடை. வீட்டைச் சுற்றி வந்தது. வாசலில் நின்றது.

டொக்.

கதவின் கீழ்ப்பக்கம். என் முழங்கால் உயரத்தில்.

எழுந்தேன். ஆர்மஸ் தலை நிமிராமல் என் பாவாடையைப் பற்றி இழுத்தார். "உக்காரு ஹில்மா. சத்தம் போடாதே. இன்னும் நாலே அடி."

டொக்... டொக்...

உட்கார்ந்தேன். அவர் எழுதும்போது எழுந்து பழகாத உடம்பு.

பாட்டு நின்றது. தட்டலும் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. வாசல்வரை வெறுங்கால் தடங்கள். என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. திரும்பிப் போன தடம்... இல்லை.

"இம்பி!" என்று கத்தினேன்.

"கத்தாதே தங்கச்சி," என்றாள் ஒக்சேனியா. "உன் பேச்சு அவளுக்குக் கேக்காது."

மறுபடி பாடச் சொன்னேன். அவளுக்குக் குரல் வரவில்லை.

ஊர் திரும்பியதும் கல்லறைக் காவலர் வந்தார். ஒக்சேனியா பாடிய அதே சாயங்காலம் இம்பியின் சிலுவையடியில் தொடங்கி, வெளிவாசலைத் தாண்டிச் சின்னக் காலடிகள் போயிருந்தனவாம்.

"தினமும் போய்ப் பாக்கறேன்மா," என்றார். "உள்ளே வந்த தடம் இன்னும் இல்லை."